மூன்றாவது பீங்கான் ஓடு

"ஊசி மட்டும் போடாதீங்க டாக்டர்" என்றாள் ஒடிலியா.

கையுறையை மாட்டிக்கொண்டிருந்த நேரிதா பால்தெராஸ் பாதியில் நின்றாள். பல் வைத்தியத்தில் பாதி ஆயுளை ஓட்டியாயிற்று. ஊசியைக் கண்டதும் நாற்காலியை விட்டு இறங்கி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறாள். இன்னொரு ஊசி போடுங்கள் என்று கெஞ்சியவர்களையும் பார்த்திருக்கிறாள். ஆறு பல்லில் வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்தும், தானாக வந்து மல்லாந்து படுத்துக்கொண்டு ஊசி வேண்டாம் என்கிறவளை இன்றுதான் பார்க்கிறாள்.

"லேசர்ல வலி கம்மிதான், இல்லைங்கலை. ஆனா சூடு ஏறிச்சுன்னா சுரீர்னு இழுக்கும். நீ துள்ளுவே. நீ துள்ளினா என் கை ஆடும். என் கை ஆடினா உன் பல்லு போச்சு."

"உதடு மரத்துப்போச்சுன்னா நான் எப்படி ஊதிப் பார்க்கிறது?"

அப்போதுதான் நேரிதாவுக்குப் புரிந்தது. நோயாளியின் நெஞ்சில் துண்டு விரிக்கிற இடத்தில் ஒரு ட்ரம்பெட் கிடந்தது. துணைக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தால், வேலைக்கே கொண்டுவந்திருக்கிறாள்.

"பீங்கான் ஓட்டை ஒவ்வொண்ணா எடுங்க. ஒண்ணு எடுத்ததும் நான் ஊதுறேன். எந்த ஓடு கழண்டதும் சத்தம் திரும்பி வருதோ, அங்க நிறுத்திக்கலாம். மிச்சம் இருக்கிறது அழகாவே இருந்துட்டுப் போகட்டும்."

"சரியாத்தான் சொல்றா" என்றான் மூலையில் உட்கார்ந்திருந்த எவெரார்தோ. ஒடிலியாவின் அண்ணன். எதிர்க்கடையில் வாங்கிய, உருளைக்கிழங்கு வைத்து மடித்த டாக்கோ ரொட்டியைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு, உள்ளே சாப்பிடக்கூடாது என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஆறையும் உரிச்சுட்டீங்கன்னா அப்புறம் மேடையில இவளை எந்தப் பக்கமா திருப்பி நிறுத்தறது?"

"நீ பேசாதே. பல்லை மாத்துடி மாத்துடின்னு உயிரை வாங்கினவனே நீதான்."

"பல்லைத்தானே மாத்தச் சொன்னேன்? சங்கீதத்தையுமா மாத்தச் சொன்னேன்?"

அண்ணன் வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் வேடிக்கை இல்லை.

சான் அந்தோனியோ நகரின் மேற்குப் பகுதியில் கல்யாணம் என்றாலும், பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழா என்றாலும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்றாலும், எவெரார்தோவின் மரியாச்சி இசைக்குழுவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கறுப்பு உடுப்பு, கால்சட்டை ஓரமெல்லாம் வெள்ளிப் பொத்தான், ஐந்து வயலின், இரண்டு ட்ரம்பெட். அந்த இரண்டில் முதல் ட்ரம்பெட் ஒடிலியா. பாட்டின் உச்சியில் ஓர் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து அப்படியே நிறுத்துவாள். பாதிரியார்கூடப் பிரசங்கத் தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

இந்த வசந்தத்தில் நேரிதாதான் அவளுடைய மேல் முன்பற்கள் ஆறின் மேலும் பீங்கான் ஓடு ஒட்டினாள். நகத்தைப் போல மெல்லிய ஓடு. ஒட்டி முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது ஒடிலியா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். வீட்டுக்குப் போய் ட்ரம்பெட்டை எடுத்தாள். உச்சி ஸ்வரம் பிளந்துகொண்டது.

"பழகிடும்" என்றாள் நேரிதா. பல் நீளம் மாறினால் நாக்கும் உதடும் புதிதாகப் பாடம் படிக்கவேண்டும், கொஞ்ச நாள் ஆகும் என்றாள். வசந்தம் போய்க் கோடையும் போயிற்று. பழகவில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்தில், மணப்பெண் அப்பாவோடு ஆடுகிற நேரத்தில், அந்த ஸ்வரம் சேவல் குரலாக உடைந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். குழுவில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஒடிலியாவுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

நாளை பெரிய அரங்கில் கச்சேரி. இன்று மாலை ஒத்திகை. ஒத்திகையில் உச்சி ஸ்வரம் வரவில்லையென்றால், இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கிற உலிசேஸ் முதல் இடத்துக்கு வருவான். இரண்டாவது இடத்துக்கு அவன் மச்சானை ஏற்கெனவே சொல்லி வைத்தாயிற்று. ஒடிலியாவுக்கு இடமே இல்லை. குழுவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. தலைவன் என்ற முறையில் அதைத் தங்கையிடம் சொன்னவன் எவெரார்தோ. சொல்லிவிட்டு, காரில் அவளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தவனும் அவன்தான்.

"பழசு மாதிரியே ஆயிடுமா டாக்டர்?" என்றாள் ஒடிலியா, கூரையைப் பார்த்தபடி.

"ஓடு முழுசா கழண்டு வந்தா ஆகும். உன் பல்லை நான் ராவவே இல்லை. சும்மா மேலாகச் சொரசொரப்பாக்கி ஒட்டினதுதான். அடியில உன் பல்லு அப்படியே இருக்கு."

"முழுசா வரலைன்னா?"

நேரிதா பக்கத்துத் தட்டில் இருந்த துளைக்கும் கருவியைப் பார்த்தாள். அதால் பீங்கான் ஓட்டை அரைத்து எடுக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓடும் பல் நிறம், பசையும் பல் நிறம், பல்லும் பல் நிறம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று கருவிக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அரைத்தால் பல்லின் தோலும் கொஞ்சம் போகும். போனது முளைக்காது. லேசர் அப்படியில்லை. அந்த ஒளி பீங்கானை ஊடுருவிப் போய் அடியில் இருக்கிற பசையைப் பொரிக்கும். பசை பிடியை விட்டதும் ஓடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பொறுமை இருந்தால்.

"வரும்" என்றாள். "கண்ணாடி போட்டுக்குங்க எல்லாரும்."

உதவியாளர் ஹொவீத்தா எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி கொடுத்தாள். எவெரார்தோ தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அதை மாட்டிக்கொண்டான்.

"எப்படி இருக்கேன்?"

"மீன் பிடிக்கப் போற தவளை மாதிரி" என்றாள் ஹொவீத்தா. "டாக்கோவை உள்ள வைங்க ஐயா. தண்ணி தெறிக்கும்."

"காரணம் நடுப்பல்லு ரெண்டும்தான். அங்கேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் நேரிதா. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ட்ரம்பெட் வாயின் நடுவில்தானே வைக்கிறார்கள்? அந்த இரண்டு பல்தான் நீளம் கூடியிருக்கிறது. அவைதான் காற்றை மறிக்கின்றன.

மிதியை அழுத்தினாள். தண்ணீர் புகையாகச் சீறியது. டப் டப் டப் என்று சோளம் பொரிகிற சத்தம். லேசர் முனையை ஓட்டின் மேல் படாமல், ஒரு மயிரிழை தள்ளி வைத்து, மேலும் கீழும் வரி வரியாக நகர்த்தினாள். ஒடிலியாவின் கைகள் ட்ரம்பெட்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

"வலிக்குதா?"

ஒடிலியா தலையை ஆட்டாமல் விரலை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

இன்னும் ஒரு சுற்று. நேரிதா லேசரை நிறுத்திவிட்டு மெல்லிய தட்டைக் கருவியை ஓட்டின் ஓரத்தில் வைத்தாள். அழுத்தவில்லை, தொட்டாள். ஓடு ஈரச் சோப்பைப் போல நகர்ந்து அவள் விரலில் வந்து விழுந்தது. முழுசாக, கீறல்கூட இல்லாமல்.

அடியில் ஒடிலியாவின் பழைய பல். லேசாக மஞ்சள், நுனியில் சிறு வெட்டு. அப்படியே இருந்தது. நேரிதாவுக்கு மூச்சு வந்தது.

ஹொவீத்தா வெந்நீரில் பிழிந்த பஞ்சால் உதட்டை ஒற்றினாள். தண்ணீர் பட்டுச் சில்லிட்ட உதடு ஊதாது என்று ஒடிலியா முன்பே சொல்லி வைத்திருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, ட்ரம்பெட்டை வாயில் வைத்தாள்.

கீழ் ஸ்வரம் வந்தது. ஏறினாள். நடு ஸ்வரம் வந்தது. ஏறினாள். உச்சிக்குப் போகிற படியில் கால் வழுக்கி, சத்தம் இரண்டாகப் பிளந்தது.

ஒடிலியா வாய்க்குள் நாக்கால் அந்தப் பல்லைத் துழாவினாள்.

"ஒண்ணுதானே எடுத்திருக்கு" என்றான் எவெரார்தோ. "ஒத்தைக் கால் செருப்போட யாராவது ஓட முடியுமா?"

இரண்டாவது நடுப்பல்லில் நேரிதா தப்பு செய்தாள்.

அவசரம்தான் காரணம். முதல் ஓடு வந்த வேகத்தில் இதுவும் வரும் என்று, ஒரு சுற்று குறைவாகவே ஒளி காட்டிவிட்டுத் தட்டைக் கருவியை வைத்தாள். நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். டிக் என்ற ஒரு சத்தம். வாய்க்குள் கேட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது போலிருந்தது.

"என்ன உடைஞ்சுது?" எவெரார்தோ எழுந்துவிட்டான்.

"ஓடு" என்றாள் நேரிதா. குரலைச் சமமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள். "ஓடுதான். பல்லு இல்லை. உட்காருங்க."

ஓடுதானா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். பாதி ஓடு ஹொவீத்தாவின் உறிஞ்சு குழாய் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி பல்லின் மேலேயே இருந்தது. விளிம்பில் பல் முழுசாகத் தெரிந்தது. நெற்றி வேர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. ஹொவீத்தா கேட்காமலே துடைத்துவிட்டாள்.

மீதிப் பாதிக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். அது வந்தபோது பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

ஒடிலியா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஊதினாள்.

முன்னைவிட மோசம். உச்சிக்குப் பாதி வழியிலேயே உடைந்தது. இன்னொரு தடவை. அதே இடம். ட்ரம்பெட்டை மடியில் இறக்கிவிட்டு அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"பல்லு இல்லை அண்ணா" என்றாள். "பல்லு காரணமே இல்லை. நான்தான். எனக்குத்தான் போயிடுச்சு."

எவெரார்தோ பக்கத்தில் போய் அவள் தலையில் கை வைத்தான். "போதும் மிஹா, என் கண்ணு. வீட்டுக்குப் போகலாம். உலிசேஸ் ஒரு நாள் வாசிக்கட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஒரு நாள் உட்கார்ந்தவன் எழுந்திருப்பானா? நீ எழுந்திருப்பியா?"

"டாக்டரையும்தான் பாவம் எவ்வளவு படுத்தறது? ரெண்டு பல்லு எடுத்தாச்சு. அதை மறுபடி ஒட்டிடுங்க டாக்டர். முகமாவது மிஞ்சட்டும்."

நேரிதா அவர்கள் பேச்சைப் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டிவிடலாம். முழுசாக வந்ததை இப்போதே ஒட்டலாம், உடைந்ததைப் புதிதாகச் செய்யலாம். பழகிடும் என்று இன்னொரு தடவை சொல்லி அனுப்பிவிடலாம். அந்தச் சொல்லை நினைத்ததும் நாக்கு கசந்தது.

இந்தப் பற்களை ஒட்டும் முன் அவள் எத்தனை சோதனை செய்தாள்! சிரிக்கச் சொன்னாள். கீழுதட்டைக் கடித்துச் சொல்கிற சொற்களைச் சொல்லச் சொன்னாள். ஆப்பிளைக் கடிக்கச் சொன்னாள். நிறத் தாளைக் கடிக்கவைத்து எங்கே இடிக்கிறது என்று பார்த்தாள். ஊதச் சொல்லவில்லை. ஊதுகிறவள் என்று தெரிந்தும் சொல்லவில்லை. இன்றுகூட, ஊதும்போதெல்லாம் அவள் பார்த்தது ஒடிலியாவின் முதுகைத்தான்.

"ஒடிலியா, இந்தப் பக்கம் திரும்பு" என்றாள்.

"எதுக்கு?"

"என்னைப் பார்த்து ஊது."

"உங்க மூஞ்சியிலேயா?"

"என் மூஞ்சியிலேதான். சத்தம் வராட்டி பரவாயில்லை. வாயில வைச்சு ஊது."

ஒடிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ட்ரம்பெட்டைத் தூக்கி வாயில் வைத்தாள். நேரிதா முழங்காலிட்டு உட்கார்ந்து, கீழேயிருந்து பார்த்தாள். சத்தம் காதைப் பிளந்தது. அவள் நகரவில்லை. ஒடிலியா ட்ரம்பெட்டை எடுத்ததும் அவள் உதட்டில், உலோகம் அழுந்திய இடத்தில், சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது.

வட்டம் நடுவில் இல்லை. இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"எப்பவும் அங்கதான் வைப்பியா?"

"எங்க?"

"கோணலா. இடப்பக்கம்."

ஒடிலியா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "கோணலா? ஆமா, ஸ்கூல்ல பேண்ட் மாஸ்டர் திட்டுவார். நடுவுல வை, நடுவுல வைன்னு. வைச்சுப் பார்த்தேன், வரலை. அங்கதான் தானா போய் உட்காரும்."

"ஏன் அங்க போய் உட்காருதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

நேரிதாவுக்குத் தெரிந்துவிட்டது.

இடது பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல். பிறவியிலேயே அது வரிசைக்கு உள்ளே தள்ளி, கொஞ்சம் திரும்பி நின்ற பல். அங்கே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. சிறு வயதிலிருந்து அவள் உதடு அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்கார்ந்து அதிர்ந்திருக்கிறது. நேரிதாவோ அந்தப் பல்லைப் பார்த்த முதல் நாளே அதை நேராக்கிவிடவேண்டும் என்று முடிவு கட்டினாள். அந்த ஓட்டை மட்டும் தடிமனாகச் செய்யச் சொல்லி, பள்ளத்தை நிரப்பி, வரிசைக்குக் கொண்டுவந்தாள். ஆறிலும் அவளுக்குப் பெருமை அந்த ஒன்றில்தான். அதன் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டலாமா என்றுகூட யோசித்திருந்தாள்.

"படு" என்றாள். "இன்னொண்ணு எடுக்கணும்."

"வேண்டாம் டாக்டர்" என்றான் எவெரார்தோ.

"இதுதான் அந்தப் பல்லு."

"முதல்லயும் அதைத்தானே சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. நேரிதா அவனைப் பார்க்காமல் ஒடிலியாவைப் பார்த்தாள். "முதல்ல நான் பார்க்காம சொன்னேன். இப்ப பார்த்துட்டுச் சொல்றேன். ஆனா ஒண்ணு. இந்த ஓடு தடிமன். ஒளி உள்ள போக நேரமாகும். சூடு ஏறும். வலிக்கும். ஊசி போட்டா வலிக்காது, ஆனா சாயங்காலம் வரைக்கும் உதடு உன்னோடது இல்லை. என்ன செய்யலாம்னு நீ சொல்லு."

ஒடிலியா அண்ணனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

"கண்ணாடி!" என்றாள் ஹொவீத்தா.

டப் டப் டப்.

முதல் சுற்று. ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்று முடியும்போது ஒடிலியாவின் இடது கால் கட்டை விரல் செருப்புக்குள் மடங்கியது. நேரிதா மிதியிலிருந்து காலை எடுத்தாள். தண்ணீரை மட்டும் ஓடவிட்டாள். பல் ஆறட்டும். மனதுக்குள் ஒரு முழு மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி மிதித்தாள்.

மூன்றாவது சுற்று. தட்டைக் கருவியால் தொட்டாள். கல் மாதிரி இருந்தது.

நான்காவது சுற்றில் ஒடிலியாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. உடம்பு விறைத்தது. தலை ஆடவில்லை. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நிறுத்துங்க!" என்றான் எவெரார்தோ.

நிறுத்தினாள். தண்ணீர். காத்திருப்பு. பக்கத்துத் தட்டில் துளைக்கும் கருவி தயாராக இருந்தது. அதை எடுத்தால் சில நிமிட வேலை. ஓட்டில் ஒரு கோடு கிழித்து நெம்பினால் வந்துவிடும். பல்லில் கொஞ்சம் போகும், யாருக்குத் தெரியும்? கை அந்தப் பக்கம் போகக்கூடப் பார்த்தது. இந்தப் பள்ளத்தின் ஒரு இழை போனாலும் அது அந்தப் பள்ளம் இல்லை. நேரிதா ஹொவீத்தாவிடம், "அதை எடுத்து உள்ள வை" என்றாள்.

"எதை?"

"டிரில்லை. என் கைக்கு எட்டாத இடத்துல."

ஹொவீத்தா ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு எடுத்துப் போனாள்.

"ஒடிலியா, இன்னும் ரெண்டு தடவை. தாங்குவியா?"

ஒடிலியா வலது கையைத் தூக்கினாள். எவெரார்தோ வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "நசுக்கிடாதேடி, வயலின் வாசிக்கிற கை" என்றான்.

ஐந்தாவது சுற்றில் சத்தம் மாறியது. டப் டப் என்று தெறித்துக்கொண்டிருந்தது, மந்தமாக, ஈரத் துணியைத் தட்டுவது போல ஆயிற்று. பசை பொரிகிறது. நேரிதா அவசரப்படவில்லை. இன்னொரு காத்திருப்பு. இன்னொரு சுற்று. அதன் பிறகுதான் தட்டைக் கருவியை எடுத்தாள். ஓரத்தில் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஓடு அசைந்தது. அசைந்து, சரிந்து, ஒடிலியாவின் நாக்கின் மேல் விழுந்தது. ஹொவீத்தா பாய்ந்து எடுத்தாள்.

"வந்துடுச்சா?" என்றான் எவெரார்தோ.

"வந்துடுச்சு. கையை விடுங்க, அவ ஊதணும்."

வெந்நீர்ப் பஞ்சு. உதட்டைக் குவித்து, பிரித்து, ஒடிலியா ட்ரம்பெட்டை வைத்தாள். இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

கீழே. நடுவில். மேலே. உச்சியில் சத்தம் உடையவில்லை. ஆனால் பிறக்கவும் இல்லை. புகை போல ஒரு கரகரப்பு மட்டும் வந்தது.

எவெரார்தோ கண்ணை மூடிக்கொண்டான்.

"இரு" என்றாள் நேரிதா. ஆள்காட்டி விரலின் உறையைக் கழற்றாமலே அந்தப் பல்லைத் தடவினாள். பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் இல்லை. கெட்டியாக, பிறை வடிவில், பல்லின் நிறத்திலேயே ஏதோ நிரம்பியிருந்தது. பசை. ஓடு வந்துவிட்டது, பசையில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. "படு. ஒரே நிமிஷம். இது வலிக்காது. அதாவது, அவ்வளவு வலிக்காது."

"நீங்க சொன்னா நம்பறதை நான் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒடிலியா படுத்தாள்.

மிதி. தண்ணீர். பொரிகிற சத்தம். பசை வெள்ளைத் துகளாக உதிர்ந்து ஹொவீத்தாவின் குழாய்க்குள் போயிற்று. நேரிதா மறுபடி தடவினாள். விரல் பள்ளத்தில் இறங்கியது.

ஒடிலியா எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை கீழிருந்து ஏறவில்லை. மூச்சை இழுத்து நேராக உச்சிக்கே போனாள்.

ஸ்வரம் வந்தது. பிசிறில்லாமல், ஊசி முனையைப் போல வந்து நின்றது. அலமாரியில் கண்ணாடிக் குப்பிகள் கிணுகிணுத்தன. அவள் அதை விடவில்லை. நிறுத்திப் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண் திறந்தே இருந்தது. மூச்சு தீரும் வரை பிடித்துவிட்டு, வெடுக்கென்று விட்டாள்.

"குவாதலூபே மாதாவே!" என்றாள் ஹொவீத்தா.

எவெரார்தோ பச்சைக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, போனை எடுத்து, எண்ணை அழுத்தினான். "உலிசேஸ்? நான்தான். நாளைக்கு நீ ரெண்டாவதுதான்டா... ஆமா. உன் மச்சான்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அழுவான்." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு தங்கையைப் பார்த்தான். "எங்கே, வாயைத் திற."

ஒடிலியா பல்லைக் காட்டினாள். நடுவில் மூன்று பழைய பல், மஞ்சளாக, குட்டையாக. சுற்றிலும் மூன்று பளிங்கு வெள்ளை.

"கடவுளே. அடுப்புல பாதி வெந்த சோளக்கதிர்."

"இரு, உன் கல்லறையில வந்து இதே பல்லோட ஊதறேன்."

நேரிதா முகத்திரையை இறக்கினாள். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நடுப்பல்லு ரெண்டும் காரணம் இல்லைன்னு இப்ப தெரியுது. முழுசா வந்ததை இப்பவே ஒட்டிடலாம். உடைஞ்சதுக்கு அவசரத்துக்கு ஒண்ணு செஞ்சு தரேன். நாளைக்கு ஆயிரம் பேர் முன்னாடி நிக்கப்போறே."

ஒடிலியா கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அழகுக்கு ஆசைப்பட்டுத்தான் இங்கே முதலில் வந்தாள். அந்த ஆசை இப்போதும் முகத்தில் தெரிந்தது. நேரிதா அதைக் கண்டாள்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள், கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு. "கச்சேரி முடியற வரைக்கும் என் வாயில யாரும் கை வைக்கக்கூடாது. நீங்களும்தான். கோவிச்சுக்காதீங்க."

"கோபம் இல்லை. ஜனங்க பார்ப்பாங்களே?"

"ஊதும்போது யாரு பல்லைப் பார்க்கப் போறா? ஊதாத நேரத்துல இவன் வாயைப் பார்க்கட்டும். அதுதான் மூடறதே இல்லையே."

அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஹொவீத்தா நாற்காலியைத் துடைத்தாள். தடிமனான அந்த ஓடு கிண்ணத்தில் தனியாகக் கிடந்தது. நேரிதா அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இப்போதும் அழகாகத்தான் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. மருத்துவக் கழிவுத் தொட்டியில் போட்டாள்.

"வாங்க டாக்டர், சாப்பிடலாம். எனக்குப் பசி கண்ணைக் கட்டுது" என்றாள் ஹொவீத்தா.

"நீ போ."

"நீங்க?"

நேரிதா ஜன்னல் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வந்தது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். வலி தீர்ந்த வேகத்தில் வந்ததாக இருக்கலாம். கீழே கார் நிறுத்துமிடத்தில் கதவு திறக்கிற சத்தம், எவெரார்தோ ஏதோ சொல்கிற சத்தம், யாரோ ஹாரன் அடிக்கிற சத்தம். அவ்வளவுதான். நேரிதா கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

பிறகு கீழேயிருந்து அந்த ஸ்வரம் கிளம்பியது. ஹாரன் நின்றது. அது நிற்கவில்லை.

"சரி, வா" என்றாள் நேரிதா. "எனக்கும் பசிக்குது."